81 அங்குல அகலச் சமையலறை: இரண்டு மேடை, இரண்டு உயரம்

சமையலறை வேலை முடிந்து மூன்று மாதம் ஆகிறது. இந்த மூன்று மாதத்தில் அத்தை ஒரு நாள்கூடப் பலகை மேல் ஏறி நின்று சமைக்கவில்லை. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அடுப்புக்கு முன்னால் 3 அங்குல உயரத்தில் ஒரு மாமரப் பலகை கிடக்கும். அத்தை 4 அடி 10 அங்குலம். பழைய மேடை 34 அங்குலம், அதன் மேல் அடுப்பு 5 அங்குலம், அதற்கு மேல் குழம்புச் சட்டி. பலகை இல்லாவிட்டால் சட்டிக்குள் என்ன கொதிக்கிறது என்றே அவருக்குத் தெரியாது. இரண்டு முறை பலகை நழுவி விழுந்திருக்கிறார். இரண்டாவது முறை கையில் பால் பாத்திரம் இருந்தது. அன்றைக்குத்தான் மேடையை இடித்துக் கட்டிவிடலாம் என்று முடிவு செய்தோம்.

எங்கள் வீடு வேலூர் சைதாப்பேட்டையில், பக்கத்து வீடுகளோடு சுவர் ஒட்டிய பழைய வரிசை வீடு. இரண்டு பக்கமும் ஜன்னல் வைக்க வழியே கிடையாது. கூடத்திலிருந்து பின்கட்டுக்குப் போகிற நடைதான் சமையலறை. நீளம் 11 அடி 4 அங்குலம், அகலம் 81 அங்குலம், அதாவது 6 அடி 9. ஒரு முனையில் கூடத்துக் கதவு, மறுமுனையில் நேர் எதிரே பின்கதவு. குளியலறை, கழிவறை எல்லாம் பின்னால் என்பதால் வீட்டில் இருக்கிற ஐந்து பேரும் நாள் முழுக்க இதன் வழியாகத்தான் போய் வர வேண்டும். முன்பு ஒரு பக்கம் மட்டும் மேடை, எதிரே ஒரு இரும்பு அலமாரியும் பிரிட்ஜும்.

மாடுலர் கிச்சன் செய்து தருகிற ஒருவரை முதலில் கூப்பிட்டோம். அளந்து பார்த்துவிட்டு இரண்டு பக்கமும் 24 அங்குல மேடை, மொத்தம் 1 லட்சத்து 85 ஆயிரம் என்று சொன்னார். படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் 81இல் 48 போனால் நடுவில் 33 அங்குலம். அது எவ்வளவு என்று காகிதத்தில் புரியவில்லை. அதனால் அலமாரியை வெளியே எடுத்துவிட்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டு, காலி அட்டைப் பெட்டிகளை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி, கோட்டோடு கோடாக நிறுத்தினோம். நான் ஒரு பக்கம் திரும்பி நிற்க, அத்தை மறுபக்கம் திரும்பி நிற்க, முதுகோடு முதுகு இடித்தது. அந்த நேரம் பார்த்துப் பின்கட்டிலிருந்து பெரியவன் வாளியோடு வந்தான், மூன்று பெட்டி சரிந்தது. அத்தை அரிவாள்மணை போட்டு உட்கார்ந்து காய் நறுக்குகிறவர். 33 அங்குலத்தில் அவர் உட்கார்ந்தால் வேறு யாரும் தாண்டவே முடியாது.

நாலு நாள் பெட்டிகளை நகர்த்தி நகர்த்திப் பார்த்தோம். கடைசியில் நின்ற அளவு இது: அடுப்புப் பக்கம் 22 அங்குலம், எதிர்ப்பக்கம் 18 அங்குலம், நடுவில் 41. எதிர்ப்பக்கத்தின் கடைசி 3 அடி மட்டும், சிங்க் வருகிற இடத்தில், 21 அங்குலம். அந்த இடத்தில் நடை 38 ஆகக் குறைகிறது, அது போதும். மூன்று பர்னர் அடுப்பு எங்களுடையது முன்பின்னாக 19 அங்குலம்தான், 24 அங்குல மேடை இருந்தால் பின்னால் எண்ணெய்ப் பிசுக்கு சேர ஒரு சந்து கிடைக்கும், அவ்வளவுதான்.

பிரிட்ஜைச் சமையலறைக்குள் வைக்கவே கூடாது என்பதும் பெட்டி விளையாட்டில் தெரிந்ததுதான். கதவைத் திறந்தால் நடை முழுக்க அடைத்துக்கொள்கிறது. இப்போது கூடத்தில், சமையலறைக் கதவை ஒட்டி நிற்கிறது. இரண்டு எட்டு கூடுதலாக நடக்கிறோம்.

அடுப்பைப் பின்கதவுப் பக்கம் வைத்தால் புகை போய்விடும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். ஒரு நாள் அங்கே மேசை போட்டு அடுப்பை வைத்துச் சமைத்துப் பார்த்தேன். சாயங்காலம் பின்கட்டிலிருந்து காற்று வந்ததும் சிறிய பர்னர் அணைந்தே போனது, எனக்கு அது வாசனையில்தான் தெரிந்தது. அப்புறம் அடுப்பைக் கதவிலிருந்து நாலரை அடி உள்ளே தள்ளி, பின்கதவுக்கு மேலே சுவரில் 9 அங்குல எக்ஸாஸ்ட் வைத்தோம். சிங்க் எதிர்ப்பக்கம் பின்கதவை ஒட்டி, ஏனென்றால் கழிவுநீர்க் குழாய் அங்கேதான் இருக்கிறது. சோறு வடிக்க இப்போது ஒரே திருப்பம், ஒரு எட்டு. ஆனால் அந்த ஒரு எட்டு நடைபாதையின் குறுக்கே போகிறது என்பதால், வடிக்கிற நேரத்தில் பின்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிடுவது என்று வைத்திருக்கிறோம்.

உயரம்தான் எனக்கு முக்கியமாக இருந்த விஷயம். அத்தையைச் சுவரோரம் நிற்க வைத்து, முழங்கையை மடக்கச் சொல்லி, பென்சிலால் கோடு போட்டேன்: தரையிலிருந்து 37 அங்குலம். எனக்கு 40½. நறுக்கவும் மாவு பிசையவும் மேடை முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே இருந்தால் தோள் வலிக்காது. அடுப்பு மேடை இன்னும் தாழ இருக்க வேண்டும், ஏனென்றால் அடுப்பின் உயரமும் பாத்திரத்தின் உயரமும் மேலே ஏறிக்கொள்ளும். சிங்க்குக்கு இதற்கு நேர் எதிர்க் கணக்கு. கை வேலை செய்வது தொட்டியின் அடியில், அது மேடையை விட 8 அங்குலம் கீழே, ஆகவே சிங்க் மேடை உயர்ந்திருந்தால்தான் இடுப்பு பிழைக்கும். பாத்திரம் கழுவுவது பெரும்பாலும் நான். அதனால் அடுப்புப் பக்கம் 31, சிங்க் பக்கம் 35 என்று முடிவு செய்தேன். பழைய 34இல் பலகையின் 3ஐக் கழித்தால் 31. அத்தையின் உடம்பு அந்த அளவை எப்போதோ கண்டுபிடித்து வைத்திருக்கிறது.

மேஸ்திரிக்கு இது பிடிக்கவே இல்லை. "இன்னாம்மா, ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மேடாவா? பாக்கறவங்க என்னைத்தான் கேப்பாங்க" என்றார். "ஒரே பக்கமா நீளமா மேடை இருந்தா நீங்க சொல்றது சரி மேஸ்திரி. இது எதிரெதிர் ரெண்டு மேடை. ரெண்டையும் ஒரே நேரத்துல யாரு பாக்கப் போறாங்க?" என்று கேட்டேன். ஒத்துக்கொண்டார். இரண்டு பக்க மேடை வைக்கிற குறுகிய சமையலறைக்கு இருக்கிற பெரிய வசதியே இதுதான் என்று நினைக்கிறேன், ஒரு வீட்டில் வேறு வேறு உயரத்தில் இரண்டு பெண்கள் சமைத்தால் இரண்டு பேருக்கும் இடம் கிடைக்கிறது. ஒரே மேடையில் இது நடக்காது.

கல் தேர்வுக்கு நான் செலவழித்த நேரத்தைப் பார்த்து வீட்டில் எல்லோரும் பொறுமை இழந்தார்கள். எங்கள் போர் தண்ணீர் உப்பு. குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து மாதம் ஒருமுறை சுரண்ட வேண்டும். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைத்துக்கொள்வோம், கழுவுவது முழுக்க போர் தண்ணீரில்தான். கடையில் பளபளவென்று நிற்கிற கல் எங்கள் தண்ணீரில் எப்படி இருக்கும் என்று கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அதனால் கிரானைட் கடைகளில் வெட்டிப்போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கி வந்தேன். யாரும் காசு கேட்கவில்லை. பாலிஷ் போட்ட கருப்பு கிரானைட், ஸ்டீல் கிரே, பாலிஷ் கடப்பா, வெள்ளை குவார்ட்ஸ், ஆக நாலு துண்டு. எட்டு நாள் மாடிப்படிக்குக் கீழே வரிசையாக வைத்து ஒவ்வொன்றின் மேலும் போர் தண்ணீர் சொட்டி காய விட்டேன், மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்து ராத்திரி முழுக்க விட்டேன், புளிக்கரைசல், எலுமிச்சை, கடைசியாக அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்.

கருப்பு கிரானைட்டில் கறை எதுவும் ஏறவில்லை, ஆனால் தண்ணீர் காய்ந்த இடமெல்லாம் வெள்ளை வளையம். துடைத்தால் போகிறது, அடுத்த சொட்டில் திரும்ப வருகிறது. கடப்பாவில் புளியும் எலுமிச்சையும் பட்ட இடம் பாலிஷ் போய் மங்கலாகிவிட்டது, எவ்வளவு தேய்த்தும் திரும்பவில்லை. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை, புளிப்பு அதை அரிக்கும். குவார்ட்ஸில் மஞ்சள் லேசாக நின்றது. வெயிலில் இரண்டு நாள் வைத்ததும் அது வெளுத்துப் போனது, மஞ்சளின் நிறம் வெயிலுக்கு நிற்காது. ஆனால் எங்கள் சமையலறைக்குள் வெயில் எங்கே வருகிறது? போதாததற்கு அது கல்தூளைப் பிசினில் பிடித்துச் செய்தது, தோசைக்கல் வைத்த இடத்தில் ஒரு மங்கிய வட்டம் விழுந்துவிட்டது. ஸ்டீல் கிரே எல்லாவற்றையும் தாங்கியது, சாம்பல் நிறத்தில் வெளிர் புள்ளிகள் கலந்திருப்பதால் உப்புக் கறை படிந்தாலும் இரண்டடி தள்ளி நின்றால் தெரியவில்லை. அதையே எடுத்தோம். 42 சதுர அடி, அடி 165 ரூபாய். மேடைக்கு அடியிலும் உள் தட்டுகளுக்கும் கடப்பா, அங்கே புளி சிந்தாது, அடி 55 ரூபாய்.

பிளைவுட் வேண்டாம் என்று ஆனதும் இதே மாதிரி ஒரு சோதனையில்தான். ஒரு கடையில் ஐஎஸ்ஐ 710 முத்திரை போட்ட துண்டு ஒன்று கொடுத்தார்கள், 710 என்றால் தண்ணீர் தாங்குகிற மரைன் ரகம், 72 மணி நேரம் கொதிக்க வைத்தாலும் பசை விடக்கூடாது என்பது அதன் விதி. பின்கட்டில் வெந்நீர் போடுகிற விறகு அடுப்பில் ஒரு பழைய குண்டானில் போட்டேன். அஞ்சு மணி நேரத்தில் ஓரம் வாய் பிளந்து, கையால் இழுத்ததும் அடுக்கு அடுக்காக வந்தது. முத்திரையை நம்பி வாங்கியிருந்தால் சிங்க்குக்கு அடியில் ஒரு வருஷம் தாங்கியிருக்காது. சிங்க் பக்கத்துக்கு மட்டும் அலுமினியச் சட்டத்தில் ஏசிபி ஷீட் (இரண்டு மெல்லிய அலுமினியத் தகடுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்தது) போட்ட கதவுகள், சதுர அடி 380 ரூபாய், 25 சதுர அடி. அடுப்புப் பக்கம் கதவே இல்லை. இரண்டு பக்கமும் கதவு வைத்தால் ஒன்றைத் திறந்துவிட்டு எதிரே திரும்ப முடியாது. சிலிண்டர் இருக்கிற பக்கம் திறந்தே இருப்பதும் நல்லது, கேஸ் காற்றை விடக் கனம், கசிந்தால் தரையோடு தங்கும்.

வேலை பிப்ரவரியில் ஆரம்பித்தது. மேஸ்திரிக்கு நாள் கூலி 1100, சித்தாளுக்கு 700. செங்கல் கட்டித் தாங்கு சுவர் எழுப்பினால் ஒவ்வொன்றும் நாலரை அங்குலம் சாப்பிடும். அதற்குப் பதில் ஒன்றேகால் அங்குலக் கடப்பாவையே நிறுத்தி, சுவரில் காடி வெட்டிச் செருகினோம். தண்ணீர் நிரப்பிய டியூப் வைத்து மட்டம் பிடித்து நாலு சுவரிலும் கோடு போட்டு, கடப்பாவை அளவுக்கு வெட்டி, அடுப்புப் பக்கம் ஐந்தும் நிறுத்தியாகிவிட்டது. சிலிண்டர் உள்ளே போகிறதா என்று பார்க்கலாம் என்று உருட்டி வந்தேன். ரெகுலேட்டரோடு 27 அங்குலம். அடியில் ஒரு டைல்ஸ் துண்டும் கலவை கனத்துக்கு ஒரு மரத்துண்டும் வைத்துத் தூக்கி நிறுத்தியபோதுதான் உறைத்தது: நாங்கள் 31 அளந்தது பழைய தரையிலிருந்து. புதுத் தரை டைல்ஸ் கலவையோடு ஒன்றேகால் அங்குலம் ஏறும். மேடை 29¾ ஆகிவிடும், சிலிண்டர் நுழையும், ரெகுலேட்டரைத் திருகக் கை நுழையாது. மேஸ்திரி பேசாமல், நிறுத்தியிருந்த கடப்பா ஒவ்வொன்றையும் எடுத்து, அடியில் ஒன்றேகால் அங்குலம் ஜல்லிக் கலவை போட்டு மறுபடி நிறுத்தினார். அரை நாள் கூலி போனது, கிரானைட் ஒட்டிய பிறகு தெரிந்திருந்தால் எல்லாமே போயிருக்கும். சிலிண்டர் நிற்கிற 16 அங்குல அகலத்துக்கு மட்டும் கீழ்க் கடப்பா போடாமல் கிரானைட்டை நேராகத் தாண்ட விட்டோம், அதில் கைக்கு மூன்று அங்குலம் தாராளமாகக் கிடைத்தது.

சுவர் டைல்ஸ் விஷயத்திலும் இதே கனக் கணக்கில் ஒரு தவறு, அது நிரந்தரமாகத் தங்கிவிட்டது. சுவர் டைல்ஸ் கிரானைட் மேல் உட்காரும், கலவையோடு முக்கால் அங்குலம். சிங்க் ஓட்டையை டைல்ஸுக்கு முன்பே வெட்டினோம், முன்னால் இரண்டரை, பின்னால் இரண்டரை என்று சரிசமமாக. டைல்ஸ் வந்ததும் பின்னால் ஒன்றேமுக்கால்தான் மிச்சம். அந்தச் சந்தில் துணி பிடித்த கை நுழைவதில்லை, பழைய பல்துலக்கும் பிரஷ் வைத்துத்தான் தேய்க்கிறேன். குழாயைச் சுவரில் வைத்ததால் அது தப்பித்தது.

நிறம் தேர்வு செய்ய ரொம்ப நேரம் ஆகவில்லை. ஜன்னல் இல்லாத நடை, சுவர் வெளிர் தந்த நிறம், பளபளப்பு வகை, சதுர அடி 42 ரூபாய். எண்ணெய் தெறித்தாலும் ஒரே துடைப்பில் போகும், பின்கதவு வெளிச்சத்தைக் கொஞ்சம் உள்ளே தள்ளியும் தருகிறது. தரைக்குச் சொரசொரப்பான மேட், சாம்பல், 2க்கு 2 அடி. பளபளப்புத் தரை எதிர்க்கடையில் அடி 6 ரூபாய் குறைவாகவே கிடைத்தது, ஈரக் காலோடு பின்கட்டிலிருந்து வருகிற வீட்டில் அதை நினைத்துப் பார்க்கவே பயமாக இருந்தது.

டைல்ஸ் இடைவெளியை எல்லா இடத்திலும் வெள்ளைச் சிமெண்டில் நிரப்பச் சொன்னது என் சிக்கனம். மூன்றாவது வாரத்தில் அடுப்புக்குப் பின்னால் கோடுகள் எல்லாம் மஞ்சள். உப்பு, சோடா, பாத்திரப் பவுடர், எதற்கும் போகவில்லை. கடைசியில் கட்டர் பிளேடால் நானே இரண்டு மதியம் சுரண்டி, அடுப்புச் சுவருக்கு மட்டும் எபாக்ஸி, அதாவது இறுகினால் கறை ஏறாத பிசின் கலவை, வாங்கி நிரப்பினோம். அதைக் கலந்த பிறகு முக்கால் மணி நேரத்தில் வேலையை முடித்து, டைல்ஸ் மேல் படிந்ததை ஈர ஸ்பாஞ்சால் உடனே துடைத்துவிட வேண்டும். முதல் நாலு டைல்ஸில் நான் சாப்பிடப் போய்விட்டேன், திரும்பி வந்தால் பால் ஏடு மாதிரி ஒரு படலம் இறுகியிருந்தது, இன்றைக்கும் அதைச் சாய்த்துப் பார்த்தால் தெரிகிறது. மற்ற இடங்களில் கோடு சுத்தமாக நிற்கிறது, அதன் பிறகு செய்த குழம்புத் தாளிப்பு எதற்கும் நிறம் மாறவில்லை.

விளக்கு இன்னொரு திருத்தம். பழைய பழக்கத்தில் கூரை நடுவில் ஒரு டியூப்லைட் வைத்தோம். எந்த மேடைப் பக்கம் திரும்பினாலும் வெளிச்சம் முதுகில், என் நிழல் கத்தி மேல். இரண்டு பக்கமும் மேலே ஒற்றைத் தட்டு இருக்கிறது, அதன் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக 2 அடி எல்இடி டியூப் மாட்டியதும் சரியானது. இதற்கு வயர் இழுக்க டைல்ஸுக்கு மேலே பிளாஸ்டிக் பட்டி ஓட்ட வேண்டியதாயிற்று, முன்பே யோசித்திருந்தால் சுவருக்குள் போயிருக்கும். பிளக் பாயின்ட்களை மட்டும் முன்கூட்டியே சரியாக வைத்தோம்: கிரைண்டர் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கிற கூடத்துப் பக்க மூலையில் ஒன்று, மிக்சிக்கு ஒன்று, அடுப்புக்கு மேலும் சிங்க்குக்கு மேலும் எதுவும் கிடையாது.

மொத்தக் கணக்கு, ஆள் கூலி, சிங்க், குழாய், வயரிங், சிமெண்ட், மணல் எல்லாம் சேர்த்து 66,640 ரூபாய். தவறுகளைத் திருத்த 4,100. மேஸ்திரி வேலை ஒன்பது நாள், நடுவில் கலவை காய விட்டதும் சேர்த்துப் பதினேழு நாள் பின்கட்டில் ஒற்றை அடுப்பில் சமையல். காலை டிபன் பாதி நாள் தெருமுனை இட்லிக் கடை.

புது மேடையில் அத்தை முதலில் வைத்தது இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க் காரக்குழம்பு. சட்டிக்குள் நேராகப் பார்த்துக் கிளறினார். எனக்கு அடுப்பு தாழ்ந்துவிடுமோ என்று கொஞ்சம் பயம் இருந்தது, 31 மேல் அடுப்பு 5, அதன் மேல் சட்டி 6, விளிம்பு 42இல் நிற்கிறது, எனக்கும் அது சரியான உயரம்தான். பெரிய குண்டானில் பிரியாணி கிளறும்போது முன்பு தோள்பட்டை எரியும், இப்போது இல்லை. பலகையைப் பின்கட்டில் தண்ணீர் டிரம்முக்கு அடியில் போட்டுவிட்டோம்.

திரும்பக் கட்டினால் தரையை முதலில் போட்டுவிட்டு அதிலிருந்து மேடையை அளப்பேன். சிங்க் ஓட்டையை டைல்ஸுக்குப் பிறகு வெட்டச் சொல்வேன். அடுப்புச் சுவருக்கு முதல் நாளே எபாக்ஸி. எக்ஸாஸ்ட் 9க்குப் பதில் 12 அங்குலம், இந்தக் கத்திரி வெயிலில் மதியம் பதினொன்றுக்கு மேல் உள்ளே நிற்க முடியவில்லை.

இன்னும் தீராத ஒன்று கிரானைட் இணைப்பு. 18 அங்குலப் பலகையும் சிங்க் இருக்கிற 21 அங்குலப் பலகையும் சேர்கிற கோடு சிங்க்கிலிருந்து 4 அங்குலத்திலேயே விழுந்துவிட்டது. 21 அங்குலப் பகுதியை 3 அடிக்குப் பதில் 4 அடியாக எடுத்திருந்தால் இணைப்பு தண்ணீர் படாத இடத்துக்குப் போயிருக்கும், கல்லும் கால் சதுர அடிதான் கூடியிருக்கும். இப்போது அதில் ஈரம் இறங்கி, கீழே கடப்பாவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கருத்த கறை. போன வாரம் இணைப்பைச் சுரண்டி, ஒரு நாள் முழுக்க டேபிள் ஃபேன் வைத்துக் காய வைத்து, சாம்பல் நிற சிலிகான் வைத்திருக்கிறேன். கறையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு போட்டுத் தேதியும் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை கோட்டைத் தாண்டவில்லை.